இஇஜி கோப்பில் பெயர் தப்பா விழுந்திருக்கா? ஹெடரைத் திருத்தும் வழி

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கிளினிக்கில் இஇஜி, அதாவது மூளையின் மின் அலைகளின் பதிவு, எடுப்பார்கள். அதைப் படித்து ரிப்போர்ட் எழுதும் நரம்பியல் டாக்டர் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சென்னையிலோ இருப்பார். நடுவில் போய்வருவது ஒரு கோப்பு மட்டும்தான். அதைத் திறந்த டாக்டர் போன் போட்டு, "என்ன தம்பி, ஓ.பி. சீட்டுல ராஜேஸ்வரின்னு இருக்கு, உள்ள ராஜேந்திரன்னு வருது, இது யாரோடது?" என்று கேட்டால், பதிவைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. பெயர் இருக்கும் இடத்தை மட்டும் திருத்தினால் போதும். அதற்கு இலவசமாகவே ஒரு நல்ல நிரல் இருக்கிறது.

டெக்னீஷியனாக இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும், பயோமெடிக்கல் படிப்பில் புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கும் இது பயன்படும். கம்ப்யூட்டரில் கோப்பை நகலெடுக்கவும் ஒட்டவும் தெரிந்திருந்தால் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

மருத்துவ சிக்னல்களைப் பரிமாறிக்கொள்ள உலகம் முழுக்கப் புழங்கும் வடிவம் இடிஎஃப். ஐரோப்பியத் தூக்க ஆய்வாளர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கி 1992-ல் வெளியிட்டார்கள். குறிப்புகளைச் சேர்க்கும் வசதியோடு 2003-ல் இடிஎஃப் பிளஸ் வந்தது. இஇஜி, இசிஜி, தசையின் மின் அலையைப் பதியும் இஎம்ஜி, தூக்கப் பரிசோதனை எல்லாமே இதில் அடங்கும். மெஷின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், 'எக்ஸ்போர்ட்' கொடுக்கும்போது வரும் பட்டியலில் பெரும்பாலும் இடிஎஃப் இருக்கும்.

கோப்பின் முன்பகுதி ஹெடர். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் சிக்னல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்து மூட்டையில் கட்டிய அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் விவசாயி பெயரைத் திருத்தினால் உள்ளே இருக்கும் நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. 40 கிலோ என்று எழுதிய இடத்தில் கை வைத்தால் கணக்கே போச்சு. இடிஎஃப் ஹெடரிலும் பெயர் வரிகள் உண்டு, எடை வரிகள் உண்டு. எது எது என்று தெரிந்துகொண்டால் இந்த வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

ஹெடரின் முதல் 256 பைட் கோப்பு முழுவதற்கும் பொது. பதிப்பு எண்ணுக்கு 8 பைட், நோயாளி விவரத்துக்கு 80, பதிவு விவரத்துக்கு 80, தொடங்கிய தேதிக்கு 8, நேரத்துக்கு 8, ஹெடரின் நீளத்துக்கு 8, ஒதுக்கி வைத்த இடம் 44, டேட்டா ரெக்கார்டுகளின் (சிக்னலைச் சம அளவு நேரத் துண்டுகளாக வெட்டி வைத்ததில் ஒவ்வொரு துண்டும் ஒரு ரெக்கார்டு) எண்ணிக்கைக்கு 8, ஒரு ரெக்கார்டு எத்தனை விநாடி என்பதற்கு 8, சிக்னல்களின் எண்ணிக்கைக்கு 4. அதன் பிறகு ஒவ்வொரு சிக்னலுக்கும் இன்னொரு 256 பைட். 21 இஇஜி சேனல், 1 இசிஜி, 1 குறிப்புச் சேனல் என்று 23 சிக்னல் இருந்தால் ஹெடர் மொத்தம் 24 பெருக்கல் 256, அதாவது 6144 பைட். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் சரிபார்க்கும்போது தேவைப்படும்.

நோட்பேடில் திறக்காதீர்கள்

ஹெடர் முழுக்க வெறும் எழுத்துதான் என்பதால் நோட்பேடில் திறந்தால் பெயர் கண்ணுக்குத் தெரியும். தெரிகிறதே, அங்கேயே மாற்றிவிடலாமே என்றுதான் புதிதாக வருகிற எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். ஒவ்வொரு விவரத்துக்கும் இத்தனை பைட் என்று இடம் அளந்து வைத்திருக்கிறது. பெயரில் ஒரு எழுத்து கூடினால் பின்னால் இருக்கும் தேதி, நேரம், சிக்னல் என்று எல்லாமே ஒரு பைட் தள்ளிப் போய்விடும். பிறகு எந்த நிரலிலும் அந்தக் கோப்பு ஒழுங்காகத் திறக்காது. அது போதாதென்று, சிக்னல் பகுதி எழுத்தே அல்ல, எண்கள். நோட்பேட் அதை எழுத்து என்று நினைத்துச் சேமிக்கும்போது எண்களும் சிதைந்துவிடும். ஹெடர் திருத்துவதற்கென்றே இருக்கும் நிரல், மிச்ச இடத்தைக் காலி இடைவெளியால் நிரப்பி, அளவு மாறாமல் எழுதும்.

நிரலும் முதல் நாள் வேலையும்

நான் சொல்லும் நிரல் இடிஎஃப்பிரவுசர். நெதர்லாந்தைச் சேர்ந்த டியூனிஸ் வான் பீலன் எழுதியது. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடைக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். பழைய கம்ப்யூட்டரிலும் தயங்காமல் திறக்கும் என்பதே நம் ஊர்க் கிளினிக்குகளுக்குப் பெரிய சௌகரியம். அது சிக்னலைப் பார்க்கும் நிரல். ஹெடர் எடிட்டர் அதற்குள் இருக்கும் ஒரு கருவி. மேலே 'டூல்ஸ்' பட்டியலில் இருக்கிறது.

முதல் நாளே நோயாளியின் கோப்பில் கை வைக்க வேண்டாம். பிசியோநெட் என்ற தளத்தில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் வலிப்புப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாம் இடிஎஃப் கோப்புகள், விநாடிக்கு 256 மாதிரிகள் (அலையை அளந்து எழுதிய எண்கள்), பெரும்பாலானவற்றில் 23 சிக்னல்கள். அடையாளம் நீக்கப்பட்டவை. அதில் ஒன்றை இறக்கி, பெயரை மாற்றி, கெடுத்து, மறுபடி சரிசெய்து பழகுங்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

பழகியபின், உண்மையான கோப்பு வரும்போது இந்த வரிசையில் போங்கள். மூலக் கோப்பை வேறொரு போல்டரில் நகலெடுங்கள். மூலத்தின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'ரீட் ஒன்லி' குறியைப் போட்டுவிடுங்கள். ஹெடர் எடிட்டர் புதுக் கோப்பு எதையும் உருவாக்காது, திறந்த கோப்பின் மேலேயே எழுதிவிடும். அதனால் நகலில் மட்டும்தான் வேலை. நகல் கம்ப்யூட்டரின் உள்டிஸ்க்கில் இருக்கட்டும். பென் டிரைவில் வைத்துக்கொண்டே திருத்தும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே கோப்பு பார்வைத் திரையில் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். பிறகு டூல்ஸ், ஹெடர் எடிட்டர், 'செலக்ட் ஃபைல்', நகலைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது திரையில் இரண்டு விதமாக வரலாம். சாதாரண இடிஎஃப் என்றால் நோயாளிக்கு ஒரு நீளக் கட்டம், பதிவுக்கு ஒரு நீளக் கட்டம், அவ்வளவுதான். இடிஎஃப் பிளஸ் என்றால் பெயர், எண், பாலினம், பிறந்த தேதி, டெக்னீஷியன், கருவி என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும்.

நோயாளி விவரம்

தகராறு அதிகம் வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழில் பெயர் எழுத முடியாது. இடிஎஃப் ஹெடரில் அமெரிக்க ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே செல்லும், அதாவது ஆங்கில விசைப்பலகையில் நேரடியாக விழும் எழுத்துகளும் எண்களும் குறிகளும். வேறு நிரலில் எப்படியாவது தமிழைத் திணித்தாலும் இடம் போதாது. 'செல்வி' என்ற மூன்றெழுத்துப் பெயரே யூனிகோடில் 18 பைட் பிடிக்கும். 80 பைட்டில் பெயர், எண், தேதி எல்லாம் எங்கே உட்காரும்? 1992-ல் ஐரோப்பாவில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு மாரியம்மாளும் முருகேசனும் நினைவில் வந்திருக்க நியாயமில்லை.

ஆங்கிலத்தில் எழுதும்போது உங்கள் காதுக்குப் படுவதை எழுதாதீர்கள். ஜெயலட்சுமியை நான்கு விதமாக எழுதலாம், நான்கும் சரிதான். ஆனால் ஓ.பி. சீட்டில் எந்த ஸ்பெல்லிங் இருக்கிறதோ அதுதான் கோப்பிலும் வர வேண்டும். இன்ஷியல் சீட்டில் முன்னால் இருந்தால் கோப்பிலும் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால். ரிப்போர்ட்டை வாங்கிப் போகிறவர் காப்பீட்டு அட்டையோடு ஒப்பிடும்போதுதான் இதன் அருமை தெரியும்.

ஒரே தெருவில் நான்கு முருகேசன் இருக்கும் ஊர் நம்முடையது. ஆகவே பெயரைவிட மருத்துவமனை எண் முக்கியம். இடிஎஃப் பிளஸில் வரிசையும் அப்படித்தான்: முதலில் எண், பிறகு பாலினம், பிறகு பிறந்த தேதி, கடைசியில்தான் பெயர். நடுவில் ஒவ்வொரு இடைவெளி. தேதிக்கு 11 எழுத்து, பாலினத்துக்கு 1, இடைவெளிகளுக்கு 3 என்று 15 போய்விட்டால் எண்ணுக்கும் பெயருக்கும் சேர்த்து மிஞ்சுவது 65. தாராளமான இடம்தான். ஆனால் அப்பா பெயர், ஊர், வட்டம் எல்லாவற்றையும் பெயர்க் கட்டத்திலேயே ஏற்ற நினைத்தால் முட்டும். பெயருக்குள் வரும் இடைவெளியை இடிஎஃப் பிளஸ் அனுமதிக்காது. அங்கே அடிக்கோடு வரும். நீங்கள் இடைவெளி விட்டுத் தட்டினாலும் நிரலே அதைப் பார்த்துக்கொள்ளும்.

பாலினத்துக்கு ஆங்கில எழுத்து எஃப் அல்லது எம். தெரியாவிட்டாலோ சொல்ல விரும்பாவிட்டாலோ எக்ஸ். திருநங்கைக்கும் திருநம்பிக்கும் இந்த வடிவத்தில் தனி எழுத்து இல்லை. அங்கேயும் எக்ஸ்தான் போட வேண்டியிருக்கிறது. 2003-ல் வகுத்தபோதாவது யோசித்திருக்கலாம்.

பிறந்த தேதியில் நாள் இரண்டு இலக்கம், மாதம் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்து பெரிய எழுத்தில், வருடம் நான்கு இலக்கம், நடுவில் சிறுகோடு. எடிட்டரில் தேதியைத் தேர்ந்தெடுத்தாலே இந்த வடிவத்தில் எழுதிக்கொள்ளும். சிக்கல் வடிவத்தில் இல்லை, தேதி தெரியாததில் இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் பாட்டியிடம் வயது கேட்டால், "நாகப்பட்டினத்துல பொயலடிச்சுதே, அப்ப எனக்குப் பத்து வயசு" என்பார். 1977 நவம்பர் புயல். கழித்துப் பார்த்தால் 1967 வாக்கில் பிறந்திருக்கிறார். அதற்காக ஜனவரி 1, 1967 என்று நிரப்பாதீர்கள். பின்னால் பார்க்கிறவர் அதை உண்மைத் தேதி என்றே எடுத்துக்கொள்வார். தெரியாத தேதிக்கு எக்ஸ் என்பதுதான் விதி. உத்தேச வயதை ரிக்வெஸ்ட் படிவத்தில் எழுதுங்கள்.

தேதியும் நேரமும்

அடிக்கடி கரண்ட் போய்வரும் இடத்தில், மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தை ஏதோ ஒரு பழைய ஜனவரிக்குத் தள்ளிவிடும். யாரும் கவனிக்காமல் அன்றைய பதிவெல்லாம் அந்தத் தேதியிலேயே விழும். இன்னொரு வகை, மாதமும் நாளும் இடம் மாறுவது. ஜூன் 12, மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள், அமெரிக்க அமைப்பில் இருக்கும் கம்ப்யூட்டரில் டிசம்பர் 6 ஆகிவிடும். இங்கே அது வெறும் எழுத்துப் பிழை இல்லை. நடவு நேரத்தில் வரச் சொன்னால் வர மாட்டார்கள், அறுவடை முடிந்துதான் வருவார்கள். டாக்டர் இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்து, மாத்திரைக்கு முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி மாறியது என்று பார்ப்பார். தேதி மாறினால் முன்னும் பின்னும் தலைகீழாகிவிடும்.

ஹெடரில் தேதி நாள், மாதம், வருடம் என்று இரண்டிரண்டு இலக்கமாக, நடுவில் புள்ளி வைத்து இருக்கும். வருடம் இரண்டே இலக்கம் என்பதால், 85 முதல் 99 வரை என்றால் 1985 முதல் 1999, 00 முதல் 84 வரை என்றால் 2000 முதல் 2084 என்று விதி. இடிஎஃப் பிளஸ் கோப்பில் பதிவு விவரத்துக்குள்ளும் இதே தேதி நான்கு இலக்க வருடத்தோடு இன்னொரு முறை வரும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கையால் பைட்டைத் திருத்துகிறவர்கள் ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடுவார்கள். எடிட்டரில் மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

தேதியைத் திருத்தும் முன் ஆதாரம் வேண்டும். ரிஜிஸ்டரில் எழுதிய நேரம், ரசீது, வீடியோவில் தெரியும் சுவர்க் கடிகாரம், ஏதாவது ஒன்று. நினைவிலிருந்து எழுதாதீர்கள். சிகிச்சைக்கான பதிவு என்றால் பொறுப்பு டாக்டரிடம் சொல்லி, என்ன இருந்தது, என்னவாக மாற்றினோம், ஏன், யார், என்றைக்கு என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் போலீஸ் கேஸ், விபத்துக் காப்பீடு என்று போகும்போது அந்த நோட்டு ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும்.

சிக்னல் வரிகள்

எடிட்டரின் கீழ்ப்பாதியில் சேனல் வாரியாக ஒரு பட்டியல் இருக்கும். லேபிள், அலகு, பில்டர், டிரான்ஸ்டூசர் (எந்த வகை உணர்கருவி என்ற குறிப்பு). புதியவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும்.

லேபிளுக்கு 16 எழுத்து. இடிஎஃப் பிளஸ் முறைப்படி முதலில் சிக்னலின் வகை, ஓர் இடைவெளி, பிறகு எலக்ட்ரோடின், அதாவது தலையில் ஒட்டும் மின்முனையின், பெயர். சில மெஷின்கள் வெறும் 'சேனல் 1, சேனல் 2' என்று எழுதித் தரும். எந்த சேனல் எந்த எலக்ட்ரோடு என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் தாராளமாகத் திருத்துங்கள். பழைய பெயர்களில் டி3, டி4, டி5, டி6 என்பவை புதிய முறையில் டி7, டி8, பி7, பி8. வாங்கிப் படிக்கும் டாக்டரின் நிரல் எதை எதிர்பார்க்கிறது என்று கேட்டுவிட்டு மாற்றுவது நல்லது.

வயரை மாற்றிச் சொருகிவிட்டால்? இடப்பக்க டி3 வயர் டி4 துளையிலும் டி4 வயர் டி3 துளையிலும் போயிருந்தால், லேபிளை மாற்றி எழுதினால் பதிவு சரியாகிவிடும், ஏனென்றால் சிக்னல் சரியானது, பெயர்தான் தவறு. ஆனால் இது எழுத்துப் பிழையைத் திருத்துவது மாதிரி அல்ல. வலிப்பு மூளையின் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பதையே இது மாற்றுகிறது. வயர் மாறியிருந்ததைக் கண்ணால் பார்த்தவர் இல்லாமல், "அலை இந்தப் பக்கம்தானே வரணும்" என்ற ஊகத்தில் யாரும் இதைச் செய்யக் கூடாது. சந்தேகம் என்றால் திரும்பப் பதிவு எடுப்பதுதான் மரியாதை.

இடிஎஃப் பிளஸ் கோப்பில் 'இடிஎஃப் அன்னோட்டேஷன்ஸ்' என்று ஒரு லேபிள் இருக்கும். அதைத் தொடவே கூடாது. அந்தப் பெயரை வைத்துத்தான் நிரல்கள் அது குறிப்புச் சேனல் என்று அடையாளம் காண்கின்றன.

அலகு என்பது மைக்ரோவோல்ட்டா மில்லிவோல்ட்டா என்ற விஷயம். மைக்ரோவைக் கிரேக்க எழுத்தில் எழுத முடியாது. சின்ன யு, பெரிய வி. இதில் தவறு நடந்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். கூடவே அறிந்துகொள்ள வேண்டிய எடை வரிகள் நான்கு: பிசிக்கல் மினிமம், பிசிக்கல் மேக்ஸிமம், டிஜிட்டல் மினிமம், டிஜிட்டல் மேக்ஸிமம். கோப்பில் இருப்பது 16 பிட் முழு எண்கள் மட்டுமே. டிஜிட்டல் எல்லை மைனஸ் 32768 முதல் 32767 வரை, பிசிக்கல் எல்லை மைனஸ் 3276.8 முதல் 3276.7 வரை என்று எழுதியிருந்தால், கோப்பில் இருக்கும் 500 என்ற எண் திரையில் 50 மைக்ரோவோல்ட் ஆகும். யாராவது பிசிக்கல் எல்லைகளைப் பாதியாக்கினால் அதே அலை 25 மைக்ரோவோல்ட் என்று காட்டும். சிக்னலில் ஒரு பைட்கூட மாறியிருக்காது, ஆனால் ரிப்போர்ட் மாறிவிடும். மெஷின் தந்த இந்த நான்கு எண்களை அப்படியே விட்டுவிடுங்கள். ஹெடரின் நீளம், ஒரு ரெக்கார்டின் விநாடி, ரெக்கார்டுக்கு எத்தனை மாதிரி என்பவையும் இதே ரகம். விநாடிக்கு எத்தனை மாதிரி என்று ஹெடரில் தனி வரி கிடையாது. ரெக்கார்டில் இருக்கும் மாதிரிகளை அதன் விநாடியால் வகுத்துத்தான் அது வருகிறது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் அலையின் வேகமே மாறித் தெரியும்.

பில்டர் வரி வெறும் தகவல். ஹைபாஸ் 0.1 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழே வெட்டுவது), லோபாஸ் 75 ஹெர்ட்ஸ் (அதற்கு மேலே வெட்டுவது), நாட்ச் 50 ஹெர்ட்ஸ் (அந்த ஒன்றை மட்டும் வெட்டுவது) என்ற மாதிரி குறிப்பு அங்கே இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கரண்டின் இரைச்சல் சிக்னலில் ஏறுவது சகஜம். நாட்ச் 50 என்று ஹெடரில் எழுதினால் இரைச்சல் போய்விடும் என்று நினைத்து எழுதுகிறவர்கள் உண்டு. போகாது. பதிவின்போது உண்மையில் போட்டிருந்த பில்டரை மட்டும்தான் அங்கே எழுத வேண்டும். போடாத பில்டரை எழுதிவைத்தால் படிக்கிறவரை ஏமாற்றியதாகும்.

நடுவில் கரண்ட் போன பதிவு

யுபிஎஸ் கைவிட்டு, பதிவு பாதியில் நின்றுபோனால், டேட்டா ரெக்கார்டு எண்ணிக்கையில் மைனஸ் 1 என்று இருக்கலாம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தில் மைனஸ் 1 இருப்பது இயல்பு. முடியும்போதுதான் மெஷின் உண்மை எண்ணை எழுதும். முடிக்க விடாமல் கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான். பல நிரல்கள் இந்தக் கோப்பைத் திறக்க மறுக்கும், கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எத்தனை ரெக்கார்டு இருக்கிறது என்று கால்குலேட்டரில் போட்டுவிடலாம். மேலே சொன்ன 23 சிக்னல் கோப்பையே எடுத்துக்கொள்வோம். ரெக்கார்டு 1 விநாடி. 22 சேனல்கள், விநாடிக்கு 256 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட் என்றால் 11,264 பைட். குறிப்புச் சேனலுக்கு 60 மாதிரிகள் என்றால் 120 பைட். ஆக ஒரு ரெக்கார்டு 11,384 பைட். பிராப்பர்ட்டீஸில் கோப்பின் அளவு 95,68,704 பைட் என்று காட்டுகிறது. ஹெடர் 6144-ஐக் கழித்தால் 95,62,560. அதை 11,384-ஆல் வகுத்தால் சரியாக 840. அதாவது 840 விநாடி, 14 நிமிடப் பதிவு பத்திரமாக இருக்கிறது. கோப்பை ஹெடர் எடிட்டரில் திறந்து சேமித்தபின் இந்த 840 ஹெடரில் ஏறியிருக்கிறதா பாருங்கள். வகுக்கும்போது மீதி வந்தால் கடைசி ரெக்கார்டு அரைகுறையாக எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு விநாடி போனால் போகட்டும்.

பெயரை மறைத்து அனுப்புவது

கருத்துக் கேட்க வெளியூர் டாக்டருக்கோ, கல்லூரி ஆராய்ச்சிக்கோ அனுப்பும்போது அடையாளம் தெரியக் கூடாது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பெயர், எண், பிறந்த தேதி, டெக்னீஷியன் பெயர் ஆகிய இடங்களில் எக்ஸ் போடுங்கள். கூடுதல் விவரக் கட்டத்தையும் பாருங்கள், போன் நம்பரை அங்கே எழுதிவைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது.

ஹெடரோடு வேலை முடியவில்லை. கோப்பின் பெயரே 'செல்வி பாபநாசம்' என்று இருந்தால் உள்ளே எக்ஸ் போட்டு என்ன பயன்? சின்ன ஊரில் பெயரும் ஊரும் தெரிந்தால் ஆளே தெரிந்த மாதிரி. அடுத்தது குறிப்புச் சேனல். பதிவின் நடுவே "செல்வி கண்ணைத் திறந்தார்" என்று டெக்னீஷியன் தட்டியிருந்தால், அது ஹெடரில் இல்லை, சிக்னல் பகுதியில் இருக்கிறது. ஹெடர் எடிட்டர் அதைத் தொடாது. இடிஎஃப்பிரவுசரில் கோப்பைத் திறந்து, குறிப்புகளின் பட்டியலை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கூடவே போகும் வீடியோவில் முகம் இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சேமித்தபின் சரிபார்ப்பது

முதலில் அளவு. திருத்துவதற்கு முன்னும் பின்னும் கோப்பு பைட் கணக்கில் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்று கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் நகலை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அரைகுறைக் கடைசி ரெக்கார்டு உள்ள கோப்பில் மட்டும் இந்தக் கணக்கு மாறலாம்.

இரண்டாவது சோதனை எனக்குப் பிடித்தது. விண்டோஸின் கமாண்ட் திரையில் எஃப்சி என்று ஒரு பழைய கட்டளை இருக்கிறது. எஃப்சி, இடைவெளி, சாய்கோடு பி, இடைவெளி, மூலக் கோப்பின் பெயர், இடைவெளி, நகலின் பெயர் என்று தட்டினால், எந்தெந்த பைட் மாறியிருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். இடப்பக்கம் வருவது பைட்டின் இடம், பதினாறடிமான எண்ணில். 6144 என்பது அந்தக் கணக்கில் 1800. மாறிய இடமெல்லாம் 1800-க்குக் கீழே இருந்தால் ஹெடர் மட்டும்தான் மாறியிருக்கிறது, சிக்னல் ஒரு பைட்கூட அசையவில்லை. பெயரை மட்டும் மாற்றியிருந்தால் வரிகள் அதே பதினாறடிமானக் கணக்கில் 8-க்கும் 57-க்கும் இடையில்தான் வர வேண்டும், நோயாளி விவரத்தின் 80 பைட் உட்கார்ந்திருப்பது அங்கேதான். சேனல் எண்ணிக்கை வேறு என்றால் 1800-க்குப் பதில் உங்கள் ஹெடரின் நீளத்தை விண்டோஸ் கால்குலேட்டரின் 'புரோகிராமர்' பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டூல்ஸ் பட்டியலிலேயே இடிஎஃப் விதிகளுக்குக் கோப்பு பொருந்துகிறதா என்று சோதிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதையும் ஓட்டிவிட்டு, கோப்பைத் திறந்து ஒரு பக்கம் அலையைக் கண்ணால் பாருங்கள்.

நூறு, இருநூறு கோப்பு இருந்தால்

புராஜெக்ட் மாணவர்களுக்கு இந்தப் பிரச்சினை வரும். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துகொண்டிருந்தால் கை வலிப்பதோடு தவறும் கூடும். பைத்தான் தெரிந்தால் பைஇடிஎஃப்லிப் என்ற நூலகத்தில் அடையாளம் நீக்கவும் சேனல் பெயர் மாற்றவும் தயாராகவே செயல்கூறுகள் இருக்கின்றன. ஒரு வித்தியாசம்: அது ஹெடரை மட்டும் திருத்தாமல் கோப்பையே புதிதாக எழுதும். அதனால் எஃப்சி சோதனையில் சிக்னல் பகுதியிலும் மாற்றம் காட்டலாம். அப்போது மூலத்தையும் புதியதையும் படித்து, சிக்னல் எண்களை ஒப்பிடும் வரி ஒன்றையும் உங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாளம் நீக்கிய கோப்புகளுக்குப் புது எண் கொடுத்திருந்தால், பழைய எண், புதிய எண் பட்டியலைத் தனிக் கோப்பில், கடவுச்சொல் போட்டு, கிளினிக்கை விட்டு வெளியே போகாத கம்ப்யூட்டரில் வையுங்கள். அறுவடை முடிந்து அந்தப் பாட்டி மறுபடி வரும்போது எந்தப் பதிவு அவருடையது என்று தேட அது வேண்டும்.